மச்சான் இறக்கி வைத்த டயர்

1

போன சனிக்கிழமை என் மகள் சுகந்தியின் காரைத் துடைக்கப் போனவன், டிக்கியைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். நான் வாங்கி வைத்திருந்த பெரிய டயரைக் காணவில்லை. அந்த இடத்தில் அவளுடைய கல்லூரிப் பையும் பனிச் சப்பாத்தும் இரண்டு காலிப் போத்தல்களும் கிடந்தன. விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். காரோடு வந்த சின்னச் சக்கரம் தன் குழிக்குள் சமர்த்தாகப் படுத்திருந்தது.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். நீங்கள் பார்த்திருப்பீர்கள், இப்போது வருகிற கார்களில் ஐந்தாவதாக இருப்பது உண்மையான சக்கரம் இல்லை. மெலிந்த, குட்டையான ஒரு தற்காலிகச் சக்கரம். டயர் போனால் அதை மாட்டிக்கொண்டு மெதுவாகப் பக்கத்துக் கடைவரை போகலாம், அவ்வளவுதான். கனடாவில் நான் இதுவரை வைத்திருந்த எல்லாக் கார்களிலும் அந்தச் சின்னதை எடுத்துவிட்டு, மற்ற நாலு சக்கரத்துக்கும் சமமான ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். டிக்கியில் பாதி இடம் அதற்கே போய்விடும். கடைக்குப் போனால் அரிசி மூட்டை பின் சீட்டில் உட்கார்ந்து வரும். என் மனைவி இந்திரா இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி வெகு காலம் ஆகிறது.

சுகந்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது கராஜுக்குள்ள கிடக்கப்பா. எனக்கு டிக்கியில இடம் காணாது."

"ரோட்டுல டயர் போனா என்னம்மா செய்வ?"

"போன மாசம் போனதுதானே. ஹைவேயில. நானே சின்ன ரயரை மாத்திக்கொண்டு கடைக்குப் போனன். ஒண்டும் நடக்கேல்ல."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீங்கள் பயப்பிடுவியள்."

அவளுடைய தமிழைக் கவனித்திருப்பீர்கள். ஒன்பது வயதில் இலங்கை மலைநாட்டு ஹட்டனிலிருந்து வந்தவள். வரும்போது "அப்பா, இங்க ஏன்ப்பா இவ்வளவு குளிருது" என்று நம்மைப் போலப் பேசிய பிள்ளை. ஸ்காபரோவில் அவளோடு படித்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். முதல் வருடம் அவள் "இருக்காங்க", "போறாங்க" என்றதும் "நீ இந்தியாவோ?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது வருடம் அவள் "ஆமா" என்பதை விட்டு "ஓம்" என்று சொல்லத் தொடங்கினாள். பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள் என்று எல்லாரும் வருந்துகிறார்கள். என் மகள் தமிழுக்குள்ளேயே வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். அதைக் குறையாகச் சொல்லவும் முடியாது. சில நேரம் அவள் பேசும்போது மட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து என்னை அப்பா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

"ஏனப்பா உங்களுக்கு மட்டும் இவ்வளவு பெரிய ரயர் வேணும்? ஆரும் இப்ப அப்பிடி வச்சிருக்கினமோ?"

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கணேசன் மச்சானின் நினைவு நாள். அவளுக்கு அது தெரியாது. நான் கராஜுக்குள் போனேன்.

2

கணேசன் மச்சான் என் அக்கா புஷ்பத்தின் கணவர். தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் ஒன்றை வாங்கி ஹட்டன் டவுனில் வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார். தூரப் பயணத்துக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். அவர் என்னை மாப்ள என்பார். நான் மச்சான் என்பேன்.

எங்களுக்குக் கிடைத்த சவாரி பெரும்பாலும் ஒன்றுதான். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது. டயகமவிலும் அக்கரப்பத்தனையிலும் கொத்மலையிலும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே காரை நிறுத்துவோம். அந்தப் பெண் பெட்டியோடு இறங்கி வருவாள். அவளுக்குப் பின்னால் லயமே இறங்கி வரும். குழந்தையை அவள் இடுப்பிலிருந்து பிரித்தெடுக்கிறபோது எழும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மற்ற டிரைவர்கள் ஹோன் அடிப்பார்கள். மச்சான் அடித்ததே இல்லை. கிளம்பவேண்டிய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பாகவே போய் நிற்பார்.

"எதுக்கு மச்சான் இவ்வளவு சீக்கிரம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அழுவுறதுக்கு நேரம் குடுக்கணும்ல மாப்ள. அவசரத்துல அழுதுட்டுப் போனா அங்க போயி பாக்கியையும் அழுவுவாங்க" என்றார்.

அந்தக் காரோடு வந்த மாற்றுச் சக்கரமும் சின்னதுதான். மஞ்சள் ரிம் போட்டு, பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஸ்டாண்டில் எல்லாரும் அதைக் குட்டி என்பார்கள். ஒரு மழைக்காலத்தில் மூன்று பெண்களையும் அவர்கள் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வட்டவளைக்குக் கீழே பின் டயர் வெடித்தது. குட்டியை மாட்டினோம். கினிகத்தேனை வளைவுகளில் காரின் பின்பக்கம் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பின் சீட்டில் ஒருத்தி சாமி பெயரைச் சொல்லி அழுதாள். மச்சான் காரை ஓரம்கட்டி எல்லாரையும் இறக்கிவிட்டார். வந்த பஸ்சில் அவர்களை என்னோடு ஏற்றி அனுப்பிவிட்டு, வெறும் காரை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் ஹட்டனில் அவர் முழு அளவு டயர் ஒன்றை ரிம்மோடு வாங்கினார். அது குட்டி இருந்த குழிக்குள் இறங்கவில்லை. தச்சு வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து, டிக்கிக்கு அளவாக ஒரு பலகைத் தட்டு செய்து குழிக்கு மேலே போட்டு, அதன்மேல் டயரைப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினார். குட்டியை எடுத்துவிட்டதால் குழி பலகைக்கு அடியில் வெறுமையாகக் கிடந்தது.

"ஆளுகள நம்பி ஏத்துறோம். போற வழியில ஒன்னு ஆயிட்டா அந்தப் புள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றார். அந்தப் பெரிய டயர் இரண்டு மூன்று தடவை எங்களைக் காப்பாற்றியது. கட்டுநாயக்கவுக்கு நாங்கள் பிந்திப் போனதே இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

3

அன்றைக்கு ஏற்றியது டயகமவைச் சேர்ந்த சரஸ்வதி என்ற பெண்ணை. இரண்டாவது முறையாகப் போகிறவள் என்பதால் அவ்வளவாக அழவில்லை. கிதுல்கலையில் தேநீர் குடித்தபோது சிரித்துக்கூடப் பேசினாள்.

கொழும்பில் குண்டு வெடித்து அதிக நாளாகவில்லை. நகரை நெருங்கும் இடத்தில் புதிதாக ஒரு சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் இறங்கி அடையாள அட்டைகளைக் கொடுத்தோம். மூன்று தமிழ்ப் பெயர்கள். இளம் ராணுவச் சிப்பாய் ஒருவன் டிக்கியைத் திறக்கச் சொன்னான். பெட்டியை இறக்கினோம். டயரைக் கண்டதும் கட்டை அவிழ்க்கச் சொன்னான். பிறகு பலகையைத் தட்டிப் பார்த்தான். உள்ளே வெறுமையாக இருக்கிற சத்தம் கேட்டது.

அவன் பின்னால் நகர்ந்து துப்பாக்கியைத் தூக்கினான்.

"மேக்க மொகட்டத?" என்று கத்தினான். இது எதற்கு என்றான்.

மச்சானுக்குச் சிங்களம் நன்றாக வரும். நிதானமாக விளக்கினார். இது சின்னச் சக்கரத்துக்கான குழி, பெரியது இதில் இறங்காது, அதனால் பலகை போட்டேன் என்றார். அதற்குள் ஒரு அதிகாரி வந்துவிட்டார். பலகையைப் பெயர்த்துக் குழியைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. டயரைக் கத்தியால் நீளமாகக் கிழித்துப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை.

அதிகாரி அமைதியாகத்தான் கேட்டார். "கம்பெனி ஒரு சக்கரம் கொடுத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு, ரகசியமாக ஒரு அறை செய்திருக்கிறாய். இன்றைக்கு இது காலியாக இருக்கிறது. நேற்று இதில் என்ன இருந்தது?"

"மாத்தயா, எங்க ரோட்டுக்குச் சின்ன வீல் தாங்காது. மழையில சறுக்கும்" என்றார் மச்சான்.

"எல்லாரும் அதில்தானே ஓட்டுகிறார்கள்?"

சரஸ்வதி அதிகாரியின் காலில் விழுந்து, "ஐயா, எனக்கு ப்ளேன் போயிருங்கய்யா" என்று தமிழில் அழுதாள். அவர்களுக்கு அது புரியவில்லை. அன்று மாலைதான் அவளை விட்டார்கள். விமானம் போய்விட்டிருந்தது. அவள் திரும்ப ஹட்டனுக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டுக்கு எதுவும் தெரிந்தது.

என்னைச் சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். மச்சானை விடவில்லை. அவர்கள் தேடிக்கொண்டிருந்த யாரோ ஒருவனுக்கும் கணேசன் என்று பெயர் இருந்ததாம். மலைநாட்டில் ஒரு தோட்டத்துக்குப் பத்து கணேசன் இருப்பார்கள் என்று நாங்கள் சொன்னதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா வாராவாரம் ரயிலேறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து தெற்கே பஸ் பிடித்து, அவரை வைத்திருந்த முகாமின் வாசலில் நிற்பாள். சில தடவை பார்க்க விடுவார்கள், சில தடவை விடமாட்டார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. அடுத்த மழைக்காலம் வந்தபோது, குற்றம் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

வந்தவரின் வலது கை முழுசாக மேலே தூக்க வரவில்லை. பேச்சு பாதியாகக் குறைந்திருந்தது. இருந்தாலும் காரை மீட்டுக் கழுவி, பழுது பார்த்து, மறுபடியும் ஓட்டத் தொடங்கினார். லயத்துக்குக் கீழே ஒரு மணித்தியாலம் முன்பாகப் போய் நிற்கிற பழக்கம் மட்டும் மாறவே இல்லை.

டிக்கியில்தான் மாற்றம். கிழிபட்ட டயருக்குப் பதிலாக இன்னொரு பெரிய டயர் வாங்கி வைத்திருந்தார். இரண்டே நாளில் அதை இறக்கிவிட்டு, மஞ்சள் ரிம் போட்ட குட்டியைத் திரும்பவும் குழிக்குள் வைத்தார். பலகையை உடைத்து அடுப்புக்குப் போட்டார்கள்.

4

அதற்குப் பிறகு சோதனைச் சாவடிகளில் எங்களுக்குப் பெரிய தொல்லை இருக்கவில்லை. டிக்கியைத் திறப்பார்கள், விரிப்பைத் தூக்குவார்கள், இருக்கவேண்டியது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். போகச் சொல்லிவிடுவார்கள்.

மச்சான் இறந்த அன்று நான் அவரோடு போகவில்லை. கொத்மலையில் இந்திராவின் தங்கைக்குக் கல்யாணம். போகும்போது இரண்டு பெண்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வரும்போது அவர் தனியாகத்தான் வந்திருக்கிறார். நல்ல மழை. கிதுல்கலை தாண்டி முன் டயர் போயிருக்கிறது. தெரு ஓரத்துக் கடைக்காரர் ஒருவர் அவர் சின்னச் சக்கரத்தை மாட்டியதைப் பார்த்திருக்கிறார். மழை விடட்டும், இருந்துவிட்டுப் போங்கள் என்று சொன்னாராம். "வீட்டுல பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்று மச்சான் கிளம்பியிருக்கிறார்.

வட்டவளைக்கு வருவதற்கு முன்னால் ஒரு வளைவில் கார் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. கீழே தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் ஓடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி மச்சானை அடையாளம் கண்டிருக்கிறாள். அவளைக் குவைத்துக்கு அனுப்பப் போனபோது, அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்த டிரைவர் என்று.

நான் போய்ச் சேர்ந்தபோது காரைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் நசுங்கிப் போயிருந்தது. அந்த மஞ்சள் ரிம் மட்டும் சேறு பட்டும் மஞ்சளாகவே தெரிந்தது.

போலீஸ் விபத்து என்று எழுதியது. அது பொய் இல்லை. விபத்துத்தான்.

மச்சான் போன பிறகு என் பெயர் மட்டும் போலீஸ் புத்தகத்தில் மிச்சமாக இருந்தது. கொழும்பில் எது வெடித்தாலும் ஹட்டனில் எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். ஒரு தடவை சுகந்தி பள்ளிக்கூடச் சீருடையோடு வாசலில் நிற்கும்போதே என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். அக்காதான் சொன்னாள், "நீயாவது போயிரு தம்பி. இன்னொரு வாட்டி என்னால அந்த வாசல்ல போயி நிக்க முடியாது" என்று. நான் கனடாவுக்கு வந்து சேர்ந்த கதை எல்லாருடைய கதையும்போலத்தான். அதை விட்டுவிடுகிறேன்.

5

இங்கே என் அகதி வழக்கை விசாரித்தது ஒரு சின்ன அறையில். நடுவில் நீளமான மேசை. எதிரே விசாரணை செய்யும் அம்மையார், பக்கத்தில் என் வக்கீல், இந்தப் பக்கம் மொழிபெயர்ப்பாளர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், அன்பானவர். தொடங்குவதற்கு முன் என்னிடம், "தம்பி, பயப்பிடாதையும். ஆறுதலாச் சொல்லும்" என்றார்.

முதல் சிக்கல் மச்சான் என்ற சொல்லிலேயே வந்தது. நான் மச்சான், மச்சான் என்று சொல்லிக்கொண்டே போனேன். மொழிபெயர்ப்பாளர் அதை மாமன் மகன் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். அவருடைய ஊரில் அக்கா கணவர் அத்தான். நான் எழுதிக் கொடுத்த மனுவிலோ அக்காவின் கணவர் என்று இருந்தது. அம்மையார் பேனாவை வைத்துவிட்டு, "உங்களோடு கைது செய்யப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு என்றே இரண்டு விதமாகச் சொல்கிறீர்கள்" என்றார்.

அதைத் தெளிவாக்கவே வெகுநேரம் பிடித்தது. மொழிபெயர்ப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அத்தான் எண்டு சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். எனக்கு அது வாயில் வரவில்லை. வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

பிறகு அம்மையார், மலைநாட்டில் யுத்தம் இல்லையே, நீங்கள் ஏன் ஓடிவந்தீர்கள் என்று கேட்டார். நான் சோதனைச் சாவடியைச் சொன்னேன். பலகையைச் சொன்னேன். அவர் குறிப்புகளைப் புரட்டினார்.

"கார் நிறுவனமே ஒரு மாற்றுச் சக்கரம் கொடுத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு, அடியில் ஒரு காலி இடம் விட்டுப் பெரிய சக்கரத்தை எதற்கு வைத்தார்?"

உலகத்தின் மறு பக்கத்துக்கு வந்துவிட்டேன். எதிரே இருப்பவரிடம் துப்பாக்கி இல்லை, குரலில் கோபம் இல்லை, மேசையில் எனக்கென்று ஒரு தண்ணீர்க் குவளைகூட இருந்தது. ஆனால் கேள்வி அதே கேள்வி.

நான் எழுந்து நின்று கையால் காட்டினேன். இப்படி மலை, இப்படிப் பள்ளம், இப்படி வளைவு. இதில் மழை. பின்னால் மூன்று பெண்கள், அவர்கள் பெட்டிகள். வக்கீல் உட்காரச் சொல்லிச் சட்டையை இழுத்தார். நான் உட்காரவில்லை. "அவருக்கு அந்தப் பொம்பளைங்க பத்தரமா போய்ச் சேரணும். வேற ஒன்னுமே இல்லைங்கம்மா" என்றேன். மொழிபெயர்ப்பாளர் இதை மட்டும் ஒரு சொல் விடாமல் சொன்னார் என்று நினைக்கிறேன். மெதுவாகச் சொன்னார்.

"அவர் எப்படி இறந்தார்?"

"விபத்துலங்க."

"அப்படியானால் அதற்கும் இந்தக் கைதுக்கும் சம்பந்தம் இல்லை."

இருக்கிறது என்றேன். திரும்பச் சின்னதை வைத்துக்கொண்டதால்தான் போனார் என்றேன். ஏன் திரும்ப வைத்தார் என்று கேட்டார். பயம் என்றேன். அவர் தலையை ஆட்டினார், எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

என்னை ஏற்றுக்கொண்டார்கள். பின்னால் இந்திராவும் சுகந்தியும் வந்தார்கள். அக்காவை ஒருமுறையாவது கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று இரண்டு தடவை விசாவுக்குப் போட்டேன். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, வந்தால் திரும்பிப் போவார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இரண்டு தடவையும் மறுத்தார்கள்.

அவள் அதற்குப் பெரிதாக வருத்தப்படவில்லை. ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடைக்குத் தையல் வேலை செய்துகொண்டு தனியாக இருக்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பேன். மழையா, கால் வலி எப்படி, கரண்ட் இருக்கிறதா என்று பேசுவோம். மச்சானைப் பற்றி மட்டும் நாங்கள் பேசுவதில்லை. நான் தொடங்கினாலும் அவள், "சரி தம்பி, அடுப்புல வச்சிருக்கேன்" என்று வைத்துவிடுவாள். நினைவு நாளன்றுகூடக் கோயிலுக்குப் போய்வந்தேன் என்பதோடு முடித்துக்கொள்வாள். நானும் அவளை நோகவைக்க விரும்பாமல் விட்டுவிட்டேன். அப்படியே வருடங்கள் போய்விட்டன.

6

சனிக்கிழமை சுகந்தி என் பின்னாலேயே கராஜுக்குள் வந்தாள். நான் அந்த டயரின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

"கோவமாப்பா?"

"இல்லம்மா."

"பிறகேன் ஒண்டும் கதைக்கிறியள் இல்ல?"

அப்போதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை சொன்னதில்லை. அவள் அறிந்தது, மாமா ஒரு கார் விபத்தில் செத்துப்போனார் என்பது மட்டும். சோதனைச் சாவடி என்றால் என்ன என்று இடையில் கேட்டாள். லயம் என்பதை மறந்திருந்தாள், கொழுந்து என்பதையும். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி விளக்கவேண்டியிருந்தது. அந்த ஜீப்பை மட்டும் விளக்கவேண்டியிருக்கவில்லை. "அது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். "நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டனான்."

மறுநாள் காலை அக்காவுக்குப் போன் எடுத்தபோது அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தானும் அத்தையோடு பேசவேண்டும் என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வருடப் பிறப்புக்கும் பிறந்த நாளுக்கும் பிடித்துவைத்துப் பேசச் சொன்னால் இரண்டு வார்த்தையில் முடிப்பவள். போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன். அங்கே மாலை. அக்கா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"அத்தை, நான் சுகந்தி."

"யாரு, சுகந்தியா? எப்பிடிம்மா இருக்க? கொரலே மாறிப்போச்சே ஒனக்கு."

"நல்லா இருக்கிறன் அத்தை. இண்டைக்கு மாமாட நாள் எண்டு அப்பா சொன்னவர்." பிறகு நான் தடுப்பதற்குள் கேட்டுவிட்டாள். "அத்தை, பெரிய ரயர்தான் நல்லது எண்டு மாமாவுக்குத் தெரியும்தானே. பிறகேன் அவர் அதை எடுத்தவர்?"

இத்தனை வருடத்தில் யாரும் அக்காவிடம் இதைக் கேட்டதில்லை. நான் சுகந்தியின் கையைப் பிடித்தேன். போனை வாங்கி வேறு எதையாவது பேசலாம் என்று நினைத்தேன். அடுப்பில் வைத்திருக்கிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அவரு எடுக்கலம்மா" என்றாள் அக்கா. "நான் எடுக்க வச்சேன்."

அக்கா தொடர்ந்து சொன்னாள்.

"அவரு புது டயரு வாங்கி வந்து வச்சாரு. அன்னைக்கு ராவெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. காலையில காருக்கு முன்னாடி போயி நின்னுக்கிட்டேன். இத வச்சிக்கிட்டு போறதுனா என் மேல ஏத்திட்டு போங்கன்னேன். மத்தவங்க எல்லாம் வச்சிருக்கிறதையே வையுங்க, யாரும் ஒங்கள ஒரு கேள்வி கேக்கக் கூடாதுன்னேன். ரெண்டு நாளு சோறு திங்கல நானு. அவரு பெறகு ஒரு வார்த்த பேசாம எறக்கி வச்சாரு. அந்தப் பலகைய நான்தான் ஒடச்சி அடுப்புல வச்சேன்."

"அக்கா" என்றேன்.

"நீ இருக்கியா தம்பி? கேட்டுக்கிட்டா இருக்க? சரி, கேளு. நான் சும்மா இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு. எல்லாரும் ஆர்மிக்காரன திட்டுனாங்க, மழைய திட்டுனாங்க, ரோட்ட திட்டுனாங்க. நீயும் அங்க போயி கவர்மெண்டுதான் காரணம்னு எழுதிக் குடுத்த. எனக்குத் தெரியும்ல யாருன்னு."

"நீ அவரு வீட்டுக்கு வரணும்னுதானே செஞ்ச."

"வரலையே தம்பி."

சுகந்தி அழுதுகொண்டிருந்தாள். உன் குற்றம் இல்லை என்று அக்காவிடம் சொல்லலாம். அதை அவள் தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பாள். அப்போதுதான் மச்சான் குட்டியை வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்த அந்தக் காலை எனக்கு நினைவுக்கு வந்தது. நான் அவரிடம் கேட்டேன், அவர் ஒரு பதில் சொன்னார். அதை உண்மை என்று நம்பி, விசாரணை அறையிலும் அப்படியே சொல்லியிருந்தேன்.

"அக்கா, மச்சான் எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"ஏன் மச்சான் திரும்பக் குட்டிய வச்சீங்கன்னு கேட்டேன். எனக்குத்தான் மாப்ள பயமா இருக்குன்னாரு. ஒங்க அக்கா பாவம், அவ எத வேணும்னாலும் வைங்கன்னுதான் சொல்றா, எனக்குத்தான் மனசு வரலைன்னாரு."

"அப்பிடியா சொன்னாரு?"

"அப்பிடித்தான் சொன்னாரு."

"நான்தான் எடுக்க வச்சேன்னு சொல்லலையா?"

"சொல்லவே இல்லக்கா. கடைசி வரைக்கும் எங்கிட்ட சொல்லல."

அக்கா அழத் தொடங்கினாள். அடக்கிக்கொள்ளாமல், வாய்விட்டு அழுதாள். ஹட்டனிலிருந்து அந்தச் சத்தம் எங்கள் சமையலறை முழுக்க வந்து நிறைந்தது. இந்திரா கையில் கரண்டியோடு வந்து கதவோரம் நின்றாள். யாரும் அக்காவை அழவேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"இன்னொருக்கா சொல்லு தம்பி. அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

நான் சொன்னேன்.